எஞ்சிய சொல்லும் இல்லாத சொல்லும்

பதுளை நகருக்கு அண்மையில், நமுனுகுல மலைத்தொடரின் சாரலில் அமைந்த தேயிலைத் தோட்டம் ஒன்று ஸ்பிரிங்வெளி என்று வழங்கும். இப்பெயரின் முற்பகுதியாகிய 'ஸ்பிரிங்' என்பதற்கு ஆங்கிலத்தில் நீரூற்று என்பதும் பொருள். இளவேனில் என்பதும் பொருள். பிற்பகுதி பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். மக்கள் நாவிலே அது 'வெளி' என்னும் நல்ல தமிழ்ச் சொல்லாய் உருமாறிவிட்டது. இரண்டு சொற்கள் அருகருகே நிற்கின்றன. அவற்றிடையே உள்ள உறவு இன்னதென்று சொல்லப்படவில்லை. தமிழிலக்கணம் கற்ற மாணவன் இதனை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பான். 'ஊற்றினை உடைய பள்ளத்தாக்கு' என்று விரிப்பான். ஐரோப்பாவிற்போல இளவேனில் என்றொரு தனிப்பருவம் எம் மலைநாட்டில் வருவதில்லை ஆதலின், ஊற்று என்னும் பொருளே இடத்துக்குத் தகுதியுடையது என்று காரணமும் காட்டுவான். ஒரு தோட்டத்தின் பெயரை விளங்கிக்கொள்வதற்குக்கூடச் சொல்லாமல் விடப்பட்டதை நாம் வருவித்துக்கொள்ளவேண்டியிருக்கின்றது.

ஆங்கில இலக்கணத்தைக் கற்கும் எம் மாணவர்க்குப் பெருந்தொல்லை தருவது இவ்வாறு விடப்பட்ட சொற்களேயாம். எழுதப்பட்ட சொற்களுக்கு அகராதி உண்டு. எழுதப்படாத சொற்களுக்கு அகராதி இல்லை. ஆங்கில ஆசிரியர் ஒரு வாக்கியத்தைப் பகுத்துக் காட்டும்போது, அங்கு இல்லாத ஒரு சொல்லைச் சுட்டி, அது 'அண்டர்ஸ்டுட்', அதாவது உணர்ந்துகொள்ளப்பட்டது, என்பார். மாணவனும் அதனை மனனம் செய்வான். ஆயின், உணர்ந்துகொள்ளப்பட்டது யாரால் என்று அவன் வினாவுவதில்லை. அவ்வினாவை எழுப்பி, இரு மொழி இலக்கணங்களின் வரலாற்றிலும் ஊவாத் தோட்டங்களின் வரலாற்றிலும் அதற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐரோப்பியர் இதனை 'எலிப்சிஸ்' என்பர். குறைபடுதல் என்னும் கருத்துடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஆங்கிலேயராகிய தாமஸ் லினாக்கர் 1524ஆம் ஆண்டில் வெளிவந்த தம் இலத்தீன் தொடரிலக்கண நூலில் இதனை ஆராய்ந்தார். ஸ்பானிய நாட்டுச் சலமங்கா நகரின் பேரறிஞர் சாங்டியஸ் 1587ஆம் ஆண்டில் 'மினெர்வா' என்னும் நூலை இயற்றி, இலத்தீன் மொழியில் விதிக்கு அடங்காதனபோலத் தோன்றும் தொடர்கள் பலவற்றை விடுபட்ட சொற்களைக்கொண்டே விளக்க முயன்றார். இவ்வழியே வந்த கருத்து ஆங்கில இலக்கணத்திலும் புகுந்தது. 1762இல் ரொபட் லோத் வெளியிட்ட சிற்றிலக்கணமும், 1795இல் யோர்க் நகரில் லிண்ட்லி மறே வெளியிட்ட இலக்கணமும் இதனை எடுத்தோதின. மறேயின் நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்ணற்ற பதிப்புகளைக் கண்டது. ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட நாடுகள் பலவற்றிலும் பரவியது. கூறியது கூறலைத் தவிர்த்துச் சில சொற்களாற் கருத்தை உரைப்பதற்காகவே சொற்கள் விடப்படுகின்றன என்பது அவர் கூறிய காரணம். பொருள் மயங்குமாயின், அல்லது தொடரின் வலிமை குன்றுமாயின், விடுதல் கூடாது என்பது அவர் விதித்த எல்லை.

லோத் காட்டிய ஒரு நுட்பம் ஈண்டு நினையத்தக்கது. ஒப்புமை கூறும் 'தேன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பின் 'ஐ' என்பது வருமா, 'மீ' என்பது வருமா என்னும் பூசல் நெடுங்காலமாக உண்டு. பின்னே விடுபட்டு நிற்கும் வினையோ முன்னிடைச் சொல்லோ எதுவென்று முதலிற் காண்க. அதுவே வேற்றுமையை முடிவு செய்யும் என்றார் லோத். 'அவன் அவளை நேசிக்கின்றான், என்னிலும் மிகுதியாக' என்னும் கருத்தை எடுத்துக்கொள்வோம். 'ஐ' என்று முடித்தால், நான் அவளை நேசிப்பதிலும் மிகுதி என்பது பொருள். 'மீ' என்று முடித்தால், அவன் என்னை நேசிப்பதிலும் மிகுதி என்பது பொருள். ஓரெழுத்து வேறுபாட்டினால், விடுபட்ட வாக்கியம் முழுவதும் வேறாகிவிடுகின்றது. தமிழிலோ 'என்னைக் காட்டிலும்' என்பது இருபொருளுக்கும் இடந்தந்து நிற்கும். ஒரு மொழி காட்டுவதை மற்றொரு மொழி மறைக்கும். இதில் உயர்வு தாழ்வு இல்லை.

தமிழர் இத்துறையை ஆங்கிலேயரிடம் கற்றாரல்லர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்குப் பெயரே எச்சவியல் என்பதாகும். பிரிநிலை, வினை, பெயர், ஒழியிசை, எதிர்மறை, உம்மை, என, சொல், குறிப்பு, இசை என எச்சம் பத்தென்று அந்நூல் வகுத்தது. நன்னூலாரும் பத்தென்றே கொண்டார். எளிய எடுத்துக்காட்டுகளால் இவற்றுட் சிலவற்றை விளக்கலாம். 'கண்ணனே விடை கூறினான்' என்றால், பிறர் கூறிலர் என்பது எஞ்சி நிற்கும், இது பிரிநிலை. 'தாயும் வந்தாள்' என்றால், வேறொருவரும் வந்தமை எஞ்சி நிற்கும், இது உம்மை. 'படிக்கவோ வந்தாய்?' என்றால், படிக்க வந்தாயல்லை, பிறிதொன்றற்கு வந்தாய் என்பது எஞ்சி நிற்கும், இது ஒழியிசை. இவற்றுள் எல்லாம், எஞ்சியதைக் காட்டும் குறியொன்று வாக்கியத்தினுள்ளேயே இருத்தலைக் காண்க. ஏகாரமும் உம்மையும் ஓகாரமும் அக்குறிகளாம். சிலவகை எச்சங்களுக்கு வந்து முடிக்கும் சொல் இல்லை, அவை குறிப்பினாலேயே பொருள் தரும் என்பதையும் தொல்காப்பியம் பிரித்துக் கூறியது. இப்பிரிவு பின்னர் எமக்குப் பயன்படும்.

உரையாசிரியர்கள் இதனை மேலும் செம்மைப்படுத்தினர். சொற்கள் கூடி வாக்கியமாதற்கு மூன்று வேண்டும் என்னும் வடமொழித் தருக்க நூலார் கொள்கை தமிழ் உரைகளிலும் இடம் பெற்றது. ஒரு சொல் தன் பொருளை முடிக்க மற்றொரு சொல்லை வேண்டி நிற்றல் அவாய்நிலை. வேண்டப்பட்ட சொல் பொருளாற் பொருந்துவதாதல் தகுதி. அச்சொற்கள் இடத்தாலும் காலத்தாலும் அணுகி நிற்றல் அண்மைநிலை. திருக்குறள் போன்ற சுருங்கிய யாப்பிலமைந்த நூலுக்குப் பொருள் காண்பவர் பல இடங்களிற் சொற்களை வருவித்தே உரைக்கவேண்டும். பரிமேலழகர் அவ்வாறு வருவிக்கும் இடங்களில், இது அவாய்நிலையான் வந்தது என்று காரணத்தையும் காட்டுதல் உண்டு. தம் விருப்பப்படி ஒரு சொல்லைப் புகுத்தினாரல்லர். மூலம் அதனை வேண்டி நின்றது என்பதே அவர் கூறும் நியாயம்.

இவ்விரு மரபுகளும் இலங்கையிலே ஒருங்கு சந்தித்தன. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனாரால் வட்டுக்கோட்டையில் நிறுவப்பட்ட செமினரியில் ஆங்கிலமும் தமிழும் உடன் கற்பிக்கப்பட்டன. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், இரு மொழிகளின் வாக்கிய அமைப்பையும் நேரிற் கண்டவர். அவர் பின்னர் எழுதிய இலக்கணச் சுருக்கம் தமிழ்ப் பாடசாலைகளிலே தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டது. எழுவாய் வெளிப்படாது நிற்பதைத் 'தோன்றா எழுவாய்' என்று எம் மாணவர் இன்றும் கூறுவர். ஆங்கிலேயர் 'அண்டர்ஸ்டுட்' என்று கேட்போன் பக்கமாய் நின்று பெயரிட்டதை, நம்மவர் 'தோன்றா' என்று சொல்லின் பக்கமாய் நின்று பெயரிட்டனர்.

இரு மரபும் அறிந்தவனுக்கு ஓர் உண்மை விளங்கும்: இல்லாத சொல் எல்லாம் எஞ்சிய சொல் அன்று. 'இவர் ஆசிரியர்' என்பது தமிழில் நிரம்பிய வாக்கியம். அதிலே பெயரே பயனிலையாய் நிற்கின்றது. ஒரு வினைச்சொல்லும் விடுபடவில்லை. இலத்தீன், ஆங்கில இலக்கணங்களிற் பழகிய கண்ணுக்கோ, 'இஸ்' என்பதற்கு நேரான சொல் ஒன்று இங்கே விடுபட்டதாகத் தோன்றும். மறுதலையாக, எம் மாணவன் தன் மொழி வழக்கைக் கொண்டு ஆங்கிலத்தில் 'ஹி டீச்சர்' என எழுதி, அங்கே வேண்டப்படும் சொல்லை விட்டுவிடுவான். அவ்வாறே 'நான் கண்ட மனிதன்' என்பதில் ஆங்கிலத்துக்குரிய 'ஹூம்' என்னும் இணைப்புப் பெயருக்கு இடமே இல்லை. பெயரெச்சம் அத்தொழிலை முடித்துவிடுகின்றது. 'தி மேன் ஐ சா' என்னும் ஆங்கிலத் தொடரிலோ அப்பெயர் உண்மையிலேயே விடுபட்டுள்ளது. ஒரு மொழியின் குறையை மற்றொரு மொழியின் அளவுகோலால் அளத்தல் பிழை. டென்மார்க்கு அறிஞர் ஒட்டோ யெஸ்பர்சன் 1924ஆம் ஆண்டிலே இதனை வற்புறுத்தினார்: ஐயமற இன்ன சொல்லே விடுபட்டது என்று காட்ட முடிந்தாலன்றி, எலிப்சிஸ் என்று கூறத் துணிதல் ஆகாது என்பது அவர் எச்சரிக்கை. 1960களில் சோம்ஸ்கியின் ஆக்க இலக்கணமும், நீக்கப்பட்ட சொல் மீட்டறியத்தக்கதாதல் வேண்டும் என்று விதித்தது. அவாய்நிலையும் தகுதியும் அண்மைநிலையும் வேண்டிய உரையாசிரியர்க்கு இவ்விதி புதிதன்று.

இனி, இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு ஊவாத் தோட்டங்களுக்குச் செல்வோம். அங்கே ஆங்கிலமும் தமிழும் சந்தித்தது வகுப்பறையில் அன்று, பிரட்டுக்களத்திலே. விடியுமுன் தப்பொலி கேட்டுத் தொழிலாளர் திரள்வதும், துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் வேலை பகிர்வதும் ஆகிய அவ்விடத்தில், ஆங்கிலத் துரைமார் தமிழ் பேசியே ஆகவேண்டியிருந்தது. அதற்கென்று கொழும்பில் கைந்நூல்கள் அச்சாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏ. எம். பெர்குசன் வெளியிட்ட சின்னத்துரைமாருக்கான தமிழ்க் கைந்நூலின் தலைப்பே 'இங்கே வா' என்பது. பின்னர் வெல்ஸ் என்பவர் எழுதிய நூலோ தொழிலாளர் பேச்சைக் 'கூலித் தமிழ்' என்றே தலைப்பிற் பெயரிட்டது.

'இங்கே வா' என்னும் இரு சொற்களை ஆராய்க. ஆங்கிலத்தில் 'கம் ஹியர்' என்பதிலே 'யூ' என்னும் எழுவாய் தோன்றாது நிற்கின்றது என்று எல்லா இலக்கண நூல்களும் கூறும். அந்த 'யூ' அரசனுக்கும் ஆகும்; ஏவலனுக்கும் ஆகும். ஒருமைக்குரிய 'தௌ' என்பதை மறே தம் வினை வாய்பாடுகளில் எழுதி வைத்தாராயினும், பொதுவழக்கில் அது முன்னரே அருகிவிட்டது. ஆகவே விடுபட்ட எழுவாயை வருவித்தாலும், பேசுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையிலுள்ள நிலை ஆங்கில வாக்கியத்திற் புலப்படாது. தமிழிலோ எழுவாய் தோன்றாவிடினும் வினையின் ஈறு அதனைக் காட்டிக்கொடுக்கும். 'வா' என்றால் நீ. 'வாரும்' என்றால் நீர். 'வாருங்கள்' என்றால் நீங்கள். ஆகவே ஆங்கிலத்தினின்று தமிழுக்கு மாற்றுபவன் இம்மூன்றனுள் ஒன்றைத் தெரிந்தே தீரவேண்டும். அக்கைந்நூல் தெரிந்தது 'வா' என்பதை. ஆங்கிலம் மூடிவைத்ததைத் தமிழ் திறந்துவிட்டது. தலைநரைத்த முதியவரையும், குழந்தையை முதுகிற் சுமந்த தாயையும் நோக்கி இருபது வயதுச் சின்னத்துரை ஒருவன் கூறிய அவ்வொரு சொல்லிலே, தோட்டத்தின் ஆட்சிமுறை முழுவதும் அடங்கியிருந்தது. இங்கே எஞ்சிய சொல் 'நீ' என்பது. அதனை வருவிப்பதற்கு எவரும் இலக்கணம் கற்கவேண்டியிருக்கவில்லை.

தோட்டத்திலே பிறந்த மற்றொரு தொடர் 'அரைப்பேர்' என்பது. செக்றோல் எனப்படும் வருகைப் பதிவேட்டிலே ஒரு நாள் வேலைக்குப் பெயர் பதியப்படும். அதனால் ஒரு நாட் சம்பளமே 'பேர்' என்றாயிற்று. குறித்த அளவு கொழுந்து பறியாதவர்க்கு அரைநாட் சம்பளம் பதியப்படுவது 'அரைப்பேர்' ஆயிற்று. பெயருக்குப் பாதி உண்டோ என்று வெளியூரார் திகைப்பர். விடுபட்டது 'பதியப்பட்ட நாளின் சம்பளம்' என்பதாம். தோட்டத்தார் அனைவரும் அதனை ஒருங்கே அறிந்திருந்தமையால், அவாய்நிலையும் தகுதியும் தடையின்றி அமைந்தன. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே பொருளை உணர்ந்தனர். பெற்ற தொகையிற் குறை இருக்கலாம், வாக்கியத்தில் இல்லை. இது முறையான எச்சம்.

மூன்றாவது சான்று 'துண்டு'. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொழிலாளர் மாறவேண்டுமாயின், இன்ன தொகைக் கடன் கட்டப்பட்டால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். கங்காணி அதனை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்தை நாடுவார். அச்சீட்டிலே தொகை உண்டு. அத்தொகை எவ்வாறு வளர்ந்தது, கடல் கடந்த பயணச் செலவு எவ்வளவு, அரிசிக்குக் கழித்தது எவ்வளவு என்பன இல்லை. யாருடைய உழைப்பினால் அது அடைபடுமோ, அவரிற் பெரும்பாலார்க்கு அதனைப் படிக்கும் கல்வியும் இல்லை. வாக்கியம் என்ற அளவில் துண்டு நிரம்பியதே. அதனுள் எச்சம் ஒன்றும் இல்லை. இல்லாதது கணக்கு. அதனை இலக்கணத்தால் வருவிக்க முடியாது. கணக்கேட்டைத் திறந்துதான் காணமுடியும். 1921ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

எஞ்சிய சொல்லுக்கும் இல்லாத சொல்லுக்கும் உள்ள வேறுபாடு ஊவா மக்களின் வாழ்வையே தாக்கிய இடம் ஒன்று உண்டு. அது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம். ஆங்கிலத்தில் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் நான்காம் பிரிவின்படி, நியமித்த நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வழிவந்த குடியுரிமை பெறுவதற்கு, அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும். இவ்வாக்கியத்தை ஆங்கில இலக்கண முறைப்படி பகுத்தால், எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, நிபந்தனை உண்டு; ஒன்றும் குறைவில்லை. இந்தியர் என்ற சொல் அதில் இல்லை. தமிழர் என்ற சொல் இல்லை. தோட்டம் என்ற சொல்லும் இல்லை. 'தாய்' என்பதும் அங்கே இல்லை. மணவாழ்வில் தோன்றிய மக்களுக்குத் தாய்வழியாகவும் இவ்வுரிமை வருவது 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே அமைந்தது.

தந்தையின் பிறப்பை நிறுவும் பத்திரம் லயத்து அறைகளிலே அரிதாயிருந்தது. பூட்டனின் பிறப்புக்குச் சான்று எங்கே கிடைக்கும்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் இச்சமுதாயத்தைப் பெயர் சொல்லி அழைத்தது. ஆயின் நெடுங்கால வதிவை நிறுவி விண்ணப்பிக்கவேண்டியவர்களாகவே அழைத்தது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், வாக்காளராதற்குக் குடியுரிமை வேண்டுமென்றது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸின் வேட்பாளர் பலர் பாராளுமன்றம் புகுந்தனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சிக்கு ஓரிடமும் இல்லை.

அக்காலத்து அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஏனைச் சமூகத்தார்க்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தார்க்கு மட்டும் விதிக்கும் சட்டத்தை விலக்கியிருந்தது. அதனைக் காட்டி, வாக்காளர் இடாப்பிலே பெயர் மறுக்கப்பட்ட இந்தியத் தமிழர் ஒருவரின் வழக்கு எழுந்தது. 1951இல் இலங்கை உயர் நீதிமன்றமும், 1953இல் இலண்டனிலிருந்த கோமறைக் கழகமும் அதனை ஆராய்ந்தன. நேராகச் செய்யக்கூடாத ஒன்றைச் சட்டமன்றம் மறைமுகமாகச் செய்தாலும் அது செல்லாதாகலாம் என்னும் கொள்கையைக் கோமறைக் கழகம் ஏற்றுக்கொண்டது. எனினும், குடியுரிமையை வரையறுத்தல் ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம் என்றும், அத்தகைய நோக்கம் இங்கு நிறுவப்படவில்லை என்றும் கண்டு மேன்முறையீட்டைத் தள்ளியது.

இத்தீர்ப்பை இலக்கண மாணவன் எவ்வாறு நோக்குவான்? எச்சம் வாக்கியத்தினுள்ளே ஒரு குறியை விட்டுச் செல்லும் என்று முன்னர்க் கண்டோம். அச்சட்ட வாக்கியத்தில் அவாய்நிலை இல்லை. ஆகவே வருவிப்பதற்குச் சொல்லும் இல்லை. ஆயின், குறிப்பினால் மட்டுமே பொருள் தருவனவும் உள என்று தொல்காப்பியம் கூறியதை மறத்தல் ஆகாது. மலைநாட்டு மக்கள் அச்சட்டத்தின் குறிப்பைக் கேட்டனர். யார் உள்ளே, யார் வெளியே என்பதை அவர்தம் அன்றாட வாழ்வு காட்டியது. நீதிமன்றமோ குறிப்பைச் சொல்லின் இடத்தில் வைக்க மறுத்தது. ஒரே வாக்கியத்தை இருசாரார் கேட்டனர். 'உணர்ந்துகொள்ளப்பட்டது யாரால்?' என்னும் எம் முதல் வினா இங்கேதான் தன் முழு வலிமையோடு நிற்கின்றது.

இத்தகைய குறையை உரைகாரர் நீக்க முடியாது. புதிய வாக்கியம் எழுதப்படுதல் வேண்டும். அது எழுதப்பட நெடுங்காலம் சென்றது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் வகுத்து, 1,50,000 பேரின் நிலையைப் பின்னர்த் தீர்ப்பதற்கு விட்டது. அந்த 1,50,000 பேரும் 1974ஆம் ஆண்டிற் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டனர். எண்களாக நின்ற இவர்களுள் தாயையும் மகளையும் கடல் பிரித்த குடும்பங்கள் பல. 1988ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோர் பலர்க்குக் குடியுரிமை வழங்கியது. இறுதியில், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தன் தலைப்பிலேயே இந்திய வம்சாவளியினர் என்று குறித்து, 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமையை உரித்தாக்கியது. 1948இல் இல்லாத சொல் 55 ஆண்டுகளின் பின் எழுதப்பட்டது.

இவ்வரலாறு ஆங்கில இலக்கணப் பாடத்துக்குப் புறம்பானதன்று. தோட்டத்துச் சிறார்க்கு ஆரம்பக் கல்வியளிக்கும் பொறுப்பை 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. எனினும், ஓர் ஆசிரியரோடும் சில வகுப்புகளோடும் நின்ற அப்பாடசாலைகளிலே ஆங்கிலம் எட்டாக் கனியாயிருந்தது. 1970களில் அவை அரசின் வசமாகத் தொடங்கிய பின்னரே மேல் வகுப்புகளுக்கு வழி படிப்படியாகத் திறந்தது. தம்மை ஆண்ட சீட்டும் சட்டமும் எம்மொழியில் எழுதப்பட்டனவோ, அம்மொழியிலே எது எஞ்சியது, எது இல்லாதது என்று பிரித்துப் படிக்க வல்லார் அம்மலைகளிலே மிகச் சிலரேயாவர். அக்குறைக்கு அவர்கள் கொடுத்த விலையை மேலே கண்டோம்.

ஆகவே ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம் உண்டு. 'அண்டர்ஸ்டுட்' என்று கூறி அடுத்த வாக்கியத்துக்குச் செல்லுதல் போதாது. தமிழ் மாணவன் தோன்றா எழுவாயையும் தொகைநிலையையும் எச்சத்தையும் முன்னரே கற்றவன். அவ்வறிவின்மேல் ஆங்கிலத்தைக் கட்டுதல் எளிது. எந்த ஆங்கில வாக்கியத்தைக் கண்டாலும் மூன்று வினாக்களை அவன் எழுப்பப் பழகுதல் வேண்டும். இவ்வாக்கியம் உண்மையிலேயே ஒரு சொல்லை வேண்டி நிற்கின்றதா? நான் வருவிக்கும் சொல் ஒன்றே பொருந்துமா, வேறும் பொருந்துமா? அச்சொல்லை அருகிலுள்ள எந்தச் சொல்லிலிருந்து பெற்றேன்? மூன்றுக்கும் விடை கிடைத்தால் அது எச்சம், துணிந்து வருவிக்கலாம். விடை கிடையாவிடில், அங்கு இல்லாததைத் தன் கற்பனையால் நிரப்பாது, இச்சொல் இங்கு ஏன் இல்லை என்னும் நான்காம் வினாவை அவன் கேட்டல் வேண்டும்.

முதல் மூன்று வினாக்களும் தேர்விலே புள்ளி பெற்றுத் தரும். நான்காவது வினா, ஒப்பமிடுமாறு நீட்டப்படும் எப்பத்திரத்தையும் படித்தறிந்து ஒப்பமிடும் குடிமகனை ஆக்கும். ஸ்பிரிங்வெளியிலிருந்தும் அதனையடுத்த மலைகளிலிருந்தும் இன்று பாடசாலைக்கு இறங்கிவரும் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும்.